கேட்டதற்கு மட்டும் பதில்

கேட்டுவிட்டீர்கள், அதுவே நல்லது அக்கா. பெற்றவள் கேட்கத்தான் வேண்டும். "உங்க வீட்டுக்காரர் மேல ஏதோ பொம்பளை கேஸ் இருந்துச்சாமே" என்று சொல்லிவிட்டு நீங்களே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தீர்களா? கோபமெல்லாம் இல்லை. என் மகளை யாராவது வந்து வீட்டோடு வேலைக்கு வைத்துக்கொள்ளக் கேட்டால் நானும் இதைத்தான் கேட்பேன்.

உங்கள் மாரிக்கனி உள்ளே துணி எடுத்து வைக்கட்டும். பஸ் வருவதற்குள் நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள், அனுப்பலாமா வேண்டாமா என்று. செரின், கோழியைத் துரத்தாதே, அது கொத்திவிடும். பாருங்கள், ஒரு நிமிடம் கால் தரையில் நிற்காது இவளுக்கு. அதனால்தான் வீட்டில் ஒரு ஆள் வேண்டும் என்கிறேன். எனக்கு இது ஐந்தாம் மாதம். இவளைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கேஸ் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். விடுதலையும் ஆகிவிட்டது. அதையும் எங்கள் கடை லோடு டிரைவர் உங்களிடம் சொல்லியிருப்பார். சொல்லவில்லையா? பாதியை மட்டும் சொல்கிறவர்கள்தான் ஊரில் அதிகம்.

இசக்கி என்று ஒரு பெண். இருபத்தொரு வயது. செரினுக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்தாள். என்னை "யக்கா" என்பாள். குரல் கணீர் என்று இருக்கும், தெருமுனை வரைக்கும் கேட்கும். குழந்தையைக் குளிப்பாட்டிக் கொடுப்பாள், சாம்பிராணி போடுவாள், நான் தூங்கி எழும்வரை தோளிலேயே வைத்திருப்பாள். என்னைவிட அவளிடம்தான் இவள் சீக்கிரம் அழுகையை நிறுத்துவாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

நான் கான்வென்டில் படித்தவள் அக்கா. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டல். அங்கே எல்லாவற்றுக்கும் சாரி சொல்ல வேண்டும். தும்மினால் சாரி, வரிசையில் பின்னால் நிற்கிறவளின் காலை மிதித்தால் சாரி, அவள் நம் காலை மிதித்தாலும் நாம்தான் சாரி. யார் முதலில் சாரி சொல்கிறாளோ அவளைத்தான் சேசுவுக்குப் பிடிக்கும் என்று சிஸ்டர் சொல்வார்கள். பெஞ்சில் இடித்துக்கொண்டால் பெஞ்சிடம் சாரி சொல்கிற பிள்ளைகள் நாங்கள். அந்தப் பழக்கத்தை நான் இசக்கிக்கும் சொல்லிக் கொடுத்தேன். மரியாதை தெரிந்த பெண்ணாக ஆக்கிவிடலாம் என்று.

முதலில் சிரித்தாள். "யக்கா, பாலு பொங்குனா பாலுகிட்ட சாரி சொல்லணுமா, உங்ககிட்டயா?"

"என்கிட்டதான்."

"அப்ப பாலு கோவிச்சுக்கிடாதா?"

அப்படித்தான் பேசுவாள். ஆனால் கொஞ்ச நாளில் அவளுக்கே தெரியாமல் வாயில் ஒட்டிக்கொண்டது. கதவு சத்தமாகச் சாத்தினால் சாரிக்கா. வெங்காயம் பெரிதாக வெட்டினால் சாரிக்கா. கரண்டு போனால்கூட சாரிக்கா. "கரண்டு போனதுக்கு நீ என்னடி பண்ணுவ" என்றால், "சும்மா இருக்கட்டும்க்கா, செலவா ஆவுது?" என்பாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் பெருமையாகச் சொல்வேன், பாருங்கள், எப்படி வந்தவளை எப்படி ஆக்கிவிட்டேன் என்று.

செரினுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. அன்றைக்கு இவளுக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்து, அறைக் கதவைச் சாத்தி, ஏசியைக் குறைத்து வைத்துவிட்டு நானும் இவள் பக்கத்திலேயே தூங்கிவிட்டேன். இசக்கி ஹாலில் படுப்பாள். என் வீட்டுக்காரர் பக்கத்து அறையில். குழந்தை அழுதால் அவருக்குத் தூக்கம் கெடும், காலையில் கடைக்குப் போக வேண்டும், டைல்ஸ் கடை, நின்றுகொண்டே இருக்கிற வேலை.

காலையில் கதவைத் திறந்தால் அடுப்பில் பால் இல்லை. இசக்கி பின்பக்கம் குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். தலையெல்லாம் ஈரம். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. "சாரிக்கா" என்றாள்.

"எதுக்குடி?"

"சாரிக்கா."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான். நான் உள்ளே ஓடி வந்து எதை உடைத்தாள் என்று தேடினேன். பால் பாட்டில், கண்ணாடி டம்ளர்கள், மிக்சி ஜார், மேசைமேல் இருந்த குழந்தை சேசுவின் பீங்கான் சுரூபம், எல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தேன் அக்கா. எதுவும் உடைந்திருக்கவில்லை.

அவரிடம் போய்ச் சொன்னேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "வேலைக்கு வர்றவளுக அப்படித்தான், ஊர் நினைப்பு வந்திருக்கும், விடு" என்றார். விட்டேன்.

இரண்டு நாள் கழித்து, இசக்கி கொடுத்த புகாரோடு போலீஸ் வந்தது.

அவர் செரின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். "நான் அவளைத் தொடக்கூட இல்ல பிரிசி." நம்பினேன். எந்த மனைவி நம்ப மாட்டாள்? ஜாமீனில் வந்தபிறகு ஞானதாசன் என்கிற வக்கீலைப் பிடித்தோம். பெரிய வக்கீல். அவரைத் தப்பாக நினைக்காதீர்கள் அக்கா, நல்ல மனிதர், அவருக்கும் மூன்று பெண்கள். "குற்றம் சாட்டிட்டாலே குற்றவாளின்னா கோர்ட்டே வேண்டாமே யம்மா. யாருக்கும் பக்கத்துல ஒருத்தன் நிக்கணும். அதுக்குத்தான் நான்" என்பார். சரிதானே? எனக்கும் சரியென்றுதான் படுகிறது. இன்றைக்கும்.

இசக்கியைச் சோதித்த டாக்டர் கொடுத்த ரிப்போர்ட்டை வக்கீல் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கிளாரன்ஸ், தொடவே இல்லங்கிற கதை இனிமே நிக்காது. சம்மதம்னு போனாத்தான் வழி இருக்கு" என்றார். செரின் என் மடியில் இருந்தாள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வேண்டாம் சார், நான் தொடவே இல்லையே சார் என்று சொல்லுவார், சொல்லுவார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரே ஒரு தடவைதான், அவளாகத்தான் வந்தாள், புத்தி கெட்டுப்போச்சு என்றார். முன்னால் சொன்னதை நம்பின மாதிரியே இதையும் நம்பினேன். வேறு என்ன செய்ய? அந்தச் சத்தியம் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன். பிள்ளை தலையில் வைத்த சத்தியம் அல்லவா. "அதுக்கு சர்ச்சுல ஒரு பூசை வச்சிரலாம்" என்றார். வைத்தோம்.

கதை மாறுகிறதே சார் என்று வக்கீலிடமும் கேட்டேன். "மாறினா என்னம்மா, ரெண்டுலயும் அவர் பேர்ல குற்றம் இல்லல்ல" என்று சிரித்தார்.

பிறகு என்னைத் தனியாக உட்கார வைத்தார். "அந்தப் பிள்ளையோட பழைய கதை எதையும் கேட்கச் சட்டத்துல இடம் இல்ல. கேட்கவும் மாட்டேன், எனக்கு அது பிடிக்காது. அன்னிக்கு ராத்திரியும் மறுநாள் காலையும்தான் நமக்கு. காலையில நீதான் முதல்ல பார்த்திருக்க. என்ன செஞ்சா, என்ன சொன்னா, ஒண்ணு விடாமச் சொல்லு."

ஒன்று விடாமல் சொன்னேன். குழாயடி, ஈரத்தலை, சாரிக்கா.

அவர் எழுந்து நின்றுவிட்டார். "என்ன சொன்னா?"

"சாரிக்கான்னா சார்."

"யம்மா, தனக்குக் கெடுதல் நடந்த ஒருத்தி எதுக்கு வந்து உன்கிட்ட மன்னிப்புக் கேட்கணும்? தப்பு பண்ணினவதானே கேட்பா?"

"இல்ல சார், அவ எல்லாத்துக்கும் சாரி சொல்வா. நான்தான் பழக்கிவிட்டேன். கரண்டு போனாக்கூட..."

வக்கீல் மறுபடி உட்கார்ந்தார். "அதை யாராவது கேட்டா சொல்லு" என்றார். "பொய் சொல்லச் சொல்லி நான் யாரையும் சொல்றதில்ல. கேட்டதற்கு மட்டும் பதில். அவ்வளவுதான்."

பாருங்கள், பொய் சொல்லச் சொல்லவில்லை. வேறு வக்கீலாக இருந்தால் என்னென்னவோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

இந்த மாதிரிக் கேஸை மகளிர் கோர்ட்டில் கதவைச் சாத்திக்கொண்டுதான் நடத்துவார்கள். இசக்கியைக் கூண்டில் ஏற்றிய அன்றைக்கு நான் வெளியே பெஞ்சில் செரினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்ப் பெஞ்சில் அவள் அம்மா. முன்பு எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர்தான். வரும்போதெல்லாம் இவளுக்கு ஏதாவது கொண்டு வருவார். அன்றைக்கும் இவள் முகத்தைப் பார்த்ததும் பைக்குள் கை போய்விட்டது, ஒரு வாழைப்பழத்தை எடுத்துவிட்டார். பிறகுதான் நாங்கள் யார் என்று நினைவு வந்தது போல. மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். இவள் பழம் பழம் என்று ஒரே அழுகை.

உள்ளேயிருந்து வக்கீலின் ஜூனியர் பெண் தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். சின்னப் பெண், கல்யாணம்கூட ஆகவில்லை. "முடிஞ்சிருச்சு மேடம்" என்றாள். "அந்த ஒரு கேள்விதான். சாரி சொன்னீங்களா இல்லையான்னார். சொன்னேன்னா. எதுக்குன்னார். அக்கா மூஞ்சியைப் பார்க்க முடியல, அதான்னா. சார் அதோட உட்கார்ந்துட்டாங்க. அதுக்கு மேல கேட்டா கெட்டுப்போயிரும்ல." ஜெயித்த மாதிரிச் சொல்லவில்லை. சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தண்ணீரையும் குடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

பிறகு இசக்கி வந்தாள். மெலிந்துபோயிருந்தாள். செரினுக்கு ஆளை மறக்கவில்லை. "ச்சக்கி" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவினாள். அவள் என்ன செய்தாள் தெரியுமா? இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். தோளிலேயே போட்டு வளர்த்தவள். எங்கள் மேல் கோபம் இருக்கட்டும், குழந்தை என்ன செய்தது? அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நானும் கூண்டில் ஏறினேன். எங்கள் பக்கத்துச் சாட்சி நான் ஒருத்திதான். வக்கீல் கேட்டார், காலையில் அவள் உங்களிடம் என்ன சொன்னாள்? "சாரிக்கான்னு சொன்னா." எத்தனை தடவை? "ரெண்டு தடவை." பிறகு அரசாங்க வக்கீல் எழுந்தார். உன் புருஷன் மேல் உனக்குப் பாசம் உண்டா? உண்டு. அவரைக் காப்பாற்ற எதையும் செய்வாயா? பொய் சொல்ல மாட்டேன். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார்.

நான் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் கேட்பார் என்று நினைத்தேன். அவள் வேறு எதற்கெல்லாம் உன்னிடம் சாரி சொல்வாள் என்று ஒரே ஒரு கேள்வி. படித்தவர்தானே, வாயில் வராதா? பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஜட்ஜ் அம்மா "இறங்கலாம்மா" என்றார்கள். எனக்குக் கேட்டது, கால்தான் வரவில்லை. கோர்ட் டவாலி வந்து "மேடம், இறங்குங்க" என்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் அக்கா. இவள் மேல் ஆணையாகச் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. நான் அந்தக் கூண்டில் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை என்று தீர்ப்பு. அவர் கடைப் பையன்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிப் போட்டார். வக்கீல் கை குலுக்கி, "கேஸை ஜெயிச்சது நான் இல்ல, உங்க மிசஸ்" என்றார். அதை இவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். விருந்தாளி வந்தால் என் தோளில் கை வைத்துக்கொண்டு சொல்கிறார். இசக்கி திருப்பூரில் ஏதோ பனியன் கம்பெனியில் இருக்கிறாளாம். நன்றாக இருக்கட்டும்.

இப்போது நடந்ததெல்லாம் தெரிந்துவிட்டதா? ஒளிக்க ஒன்றும் இல்லை. மாரிக்கனியைப் பற்றிச் சொன்னதும் அவர்தான். "லோடு டிரைவர் ஊர்ல ஒரு பிள்ளை இருக்காம், பத்தொன்பது வயசாம், சுறுசுறுப்பாம், போய்க் கூட்டிட்டு வா" என்றார். என் உடம்பைப் பற்றி அவருக்குக் கவலை.

நீங்கள் பயப்படவே வேண்டாம். அவள் என்னோடு என் அறையில்தான் படுப்பாள். உள்பக்கம் புதிதாகத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன், மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆசாரி "எதுக்கும்மா ரெண்டு?" என்றான். காற்றுக்குக் கதவு அடிக்கிறது என்றேன். "ஏசி காத்துக்கா?" என்று சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும். ராத்திரி பின்பக்கம் போக வேண்டுமென்றால் என்னை எழுப்பச் சொல்வேன், நான் கூட வந்து நிற்பேன். நான் இப்போதெல்லாம் ஆழ்ந்து தூங்குவதே இல்லை, சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்துவிடுவேன். நான் ஆஸ்பத்திரிக்குப் போனால் அவளையும் கூட்டிக்கொண்டுதான் போவேன். பிரசவத்துக்குப் போகும்போது... அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஏதாவது யோசித்துவிடலாம்.

ஏன் அக்கா உள்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?

போன வாரம் ஒன்று நடந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. நான் அடுக்களையில் இருந்தேன். இவள் ஹாலிலிருந்து ஓடி வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு "சாரிம்மா" என்றாள். ஹாலில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன ஆனது என்றே தெரியவில்லை. இவள் தோளைப் பிடித்து உலுக்கு உலுக்கு என்று உலுக்கினேன். எதுக்கு சாரி, யார் என்ன செஞ்சா, சொல்லு, என்ன செஞ்சா, சொல்லுடி என்று கத்தினேன். இவளுக்குக் கோர்வையாகப் பேசவே இப்போதுதான் வருகிறது. பயந்து மூச்சே நின்றுபோகிற மாதிரி அழுதாள். பவுடர் டப்பாவைக் கொட்டியிருக்கிறாள். அவ்வளவுதான் அக்கா. பவுடர். கையெல்லாம் வெள்ளையாக இருந்ததை நான் பார்க்கவே இல்லை.

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். ஏன் அப்படிக் கேட்டாய் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தேன். சாப்பிட்டார்.

வா மாரிக்கனி. எல்லாம் எடுத்து வைத்துவிட்டாயா? பை அழகாக இருக்கிறதே.

"டிவி இருக்காக்கா உங்க வீட்டுல? ராத்திரி சீரியல் பார்க்க விடுவீங்களா?"

இருக்கிறது. ஹாலில் இருக்கிறது.

"அப்ப நான் ஹால்லயே படுத்துக்கிடுதேன்க்கா. எனக்கு ஏசியெல்லாம் ஒத்துக்காது, சளி பிடிச்சிரும். நீங்களும் பாப்பாவும் உள்ள படுங்க. எனக்கென்ன, ஒரு பாய் போதும்."

பையை உள்ளே கொண்டு போய் வை கண்ணு.

"ஏன்க்கா? என்னைப் பிடிக்கலையா?"

பிடித்திருக்கிறது. ரொம்பப் பிடித்திருக்கிறது. போய் வை. அம்மாவோடு இரு. உள்ளே போ.

இல்லை அக்கா, நீங்கள் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. நான்தான் வேண்டாம் என்கிறேன். டிரைவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் எதுவும் பேச வேண்டாம். என் வீட்டுக்காரர் நேரில் வந்து கேட்டாலும் அனுப்பாதீர்கள். நானே போன் பண்ணிக் கேட்டாலும் அனுப்பாதீர்கள். பக்கத்தில் அவரை வைத்துக்கொண்டு கேட்பேனாக இருக்கும்.

நானா? எனக்கென்ன அக்கா? அவர் என் வீட்டுக்காரர்.

இவளா? இவள் அவர் பெற்ற பிள்ளை.

ஹாரன் கேட்கிறது. எங்கள் பஸ்தானே? கை காட்ட வேண்டாம் அக்கா. உட்காருங்கள். போகட்டும், நான் அடுத்ததில் போகிறேன். அடுத்தது எப்போது?

போனதுதான் கடைசியா?

சரி.

செரின், இங்கே வா. வந்து உட்கார். அக்கா, இவளுக்குக் கொஞ்சம் பால் கிடைக்குமா? சீனி போட வேண்டாம், அப்படியே குடிப்பாள்.